மேற்குச் சுவருக்கு ஆறு வெட்சி

அந்த வீட்டின் மேற்குச் சுவரோரம் எதுவும் பிழைத்ததில்லை. ரோஜா வைத்தார்கள், பதினைந்தே நாளில் குச்சியானது. மல்லிகை வைத்தார்கள், காற்று அதைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பக்கத்து லாரி ஷெட்டின் தகரத்தில் சாத்தியது. ஒருமுறை ஆசை ஆசையாய் ஏதோ வெளிநாட்டுச் செடி ஒன்றை வாங்கி வந்து வைத்தாள் வீட்டுக்காரி. அது வாடின வேகத்தைப் பார்த்துவிட்டு, "இது வரும்போதே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கு" என்றார் அவள் புருஷன். மத்தியானம் சுவரில் ஏறுகிற வெயில் பொழுது சாய்கிறவரை இறங்காது. எதிரே காலி மனை, அதைத் தாண்டி வரும் காற்றைக் கேட்பாரில்லை. சுவரின் அடியில், கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்று சொல்கிற ஒன்றரை அடி உயரப் பகுதியில், பூச்சு உதிர்ந்து செங்கல் இளித்துக்கொண்டிருந்தது.

அவர் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதிச் சொல்கிற உத்தியோகம். ரிட்டயராகி ஆறு வருஷமாகியும் தெருவே அவரை டைம்கீப்பர் என்றுதான் கூப்பிட்டது. நல்ல மனுஷர்தான், அதில் குறையொன்றும் சொல்ல முடியாது. ஆனால் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். தான் சொன்ன நேரத்துக்கு மேகமே கலைந்தாக வேண்டும் என்று நினைக்கிற ஜாதி. அவர் மனைவி பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வீட்டிலும் அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, நாற்பது வருஷத்தில் அதுவே அவள் பெயராகிவிட்டது.

அந்த டீச்சருக்குத்தான் உடம்புக்கு வந்தது. சாதாரணமாக வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு வருஷம்னு வெச்சுக்கங்க. கொஞ்சம் கூடலாம், குறையலாம்" என்றார். டைம்கீப்பரிடமே டைம் சொன்னார். மனுஷர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "ஒண்ணுமில்லை, சத்துக் குறைவாம். மாத்திரை குடுத்திருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னார். அவள் "அப்படியா" என்றாள். மறுநாள் துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து ரிப்போர்ட் அவர் மேஜைக்கு வந்திருந்தது. மடிப்பு மட்டும் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து கச்சிதமாக இருந்தது. அவர் மடித்தால் என்றைக்கு அப்படி வந்திருக்கிறது? படித்துவிட்டாள் என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துபோயிற்று. அவளும் ஒன்றும் கேட்கவில்லை, இவரும் ஒன்றும் சொல்லவில்லை.

குளியலறைக்குப் பக்கம் என்று அவள் கட்டிலை மேற்கு அறைக்கு மாற்றினார்கள். அது அவளுடைய தையல் அறை. மிஷினில் வெளிச்சம் விழவேண்டும் என்று வீடு கட்டும்போதே சண்டை பிடித்து, ஜன்னலை முழங்கால் உயரத்திலிருந்து ஆரம்பிக்க வைத்திருந்தாள். இப்போது அந்த ஜன்னல் வழியாக வெயிலும் தூசியும் லாரி ஷெட்டின் துருப்பிடித்த தகரமும்தான் வந்துகொண்டிருந்தன.

"ஏங்க, இந்தச் சுவரோரமா ஏதாவது செடி வெக்கலாமா? படுத்தா கண்ணுக்குப் பச்சையா ஏதாவது தெரியட்டுமே" என்றாள் ஒருநாள்.

அவள் எதையும் கேட்கிறவளே இல்லை. கேட்டுவிட்டாள் என்றதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கே நர்சரிக்குப் போகலாம் என்று குதித்தார். "அவசரப்படாதீங்க, முதல்ல காத்து எந்தப் பக்கம்னு பார்க்கணும்" என்று அவள்தான் நிறுத்தினாள். ஜாக்கெட் தைத்து மிஞ்சின சிவப்புத் துணியில் ஒரு கீற்றைக் கிழித்து, ஆளுயர மூங்கில் குச்சியின் முனையில் கட்டி, ஜன்னலுக்கு நேரே சுவரிலிருந்து ரெண்டு எட்டு தள்ளி நடச் சொன்னாள். மூன்று நாள் அந்தத் துணி ஆடுகிற திசையைப் பார்த்து நோட்டில் எழுதினாள். தென்மேற்குக் காற்று, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெறி பிடிக்கிறது. சுவர் நீளம் பதினெட்டு அடி. அளந்தது அவள், டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அவர்.

நர்சரி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. பச்சை வலைக்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் செடிகள் வரிசையாக நின்றன. நடத்துகிற அம்மாள் வெயிலில் காய்ந்து கறுத்தவள், வாய் கொஞ்சம் நீளம். "வெயில் எத்தனை மணி நேரம், காத்து எந்தப் பக்கம், சுவர்லேர்ந்து எவ்வளவு இடம் விடுவீங்க?" என்று மூச்சுவிடாமல் கேட்டாள். டீச்சர் நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். நர்சரிக்காரம்மா அசந்துபோனாள்.

"அக்கா மாதிரி ஆளுங்க நாலு பேர் வந்தா என் பொழைப்பு உருப்படும். சொல்றேன் கேளுங்க. சுவரை ஒட்டி வெக்காதீங்க. செவுத்துச் சூட்டுல பாதி வெந்துடும், ஊத்துற தண்ணி பேஸ்மட்டத்துக்குள்ள எறங்கும். ரெண்டரை அடி தள்ளி வைங்க. இலை மெலிசா இருக்கிறதெல்லாம் உங்க காத்துக்கு ஆகாது, கிழிஞ்சுடும். தடிச்ச இலைதான் தாங்கும். ரெண்டே ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு அரளி. காத்தடிச்சா வளையும், ஒடியாது. எட்டே மாசத்துல உங்க ஜன்னலைத் தாண்டிப் பூத்துக் கொட்டும். இன்னொண்ணு வெட்சி, சிவப்பா கொத்துக் கொத்தாப் பூக்குமே, இட்லிப்பூ. அது அசமந்தம். நீங்க சொல்ற உயரம் வர்றதுக்கு மூணு வருஷம், நாலு வருஷம்கூட ஆகும். ஆனா வந்துட்டா இருபது வருஷம் சுவர் கட்டின மாதிரி நிக்கும். உங்களுக்கு எது வேணும்?"

"அரளி" என்றாள் டீச்சர்.

"வெட்சி" என்றார் டைம்கீப்பர்.

ரெண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். நர்சரிக்காரம்மா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"அரளி விஷச் செடி. வீட்டோரமா யாராவது வைப்பாங்களா?"

"நான் என்ன ஆடா, மேயறதுக்கு?" என்றாள் டீச்சர்.

"வருஷா வருஷம் வெட்டணும். யாரு வெட்டுறது? வெட்சின்னா வெச்சோம், மறந்தோம்னு இருக்கலாம். நாலு வருஷம் ஆனா ஆகட்டுமே. நமக்கு என்ன அவசரம்?"

சொன்னபோது அவர் குரல் நர்சரியின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. ரிப்போர்ட் இருந்தது, வராந்தா இருந்தது, ஒரு வருஷம் இருந்தது. அவருக்கா புரியவில்லை? நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் அப்படிக் கத்தினார். அரளி என்று வாயால் சொல்லிவிட்டால் டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று அந்த மனுஷருக்குப் பயம். நாலு வருஷச் செடியை வாங்கிவிட்டால் நாலு வருஷத்தையும் சேர்த்து வாங்கின மாதிரி என்று நினைத்தாரோ என்னவோ.

"சரி, உங்க இஷ்டம். வெட்சியே இருக்கட்டும்" என்றாள் டீச்சர். மூன்றடிக்கு ஒன்றாக ஆறு செடி போதும் என்று கணக்குச் சொன்னதும் அவள்தான்.

ஆறு குழியையும் டைம்கீப்பரே தோண்டினார். முழங்கை ஆழம், மக்கின எரு, மேலே காய்ந்த சருகு. ஒவ்வொரு செடிக்கும் காற்று அடிக்கிற பக்கத்தில் ஒரு முட்டுக்கழி. சிவப்புத் துணி கட்டின மூங்கிலைப் பிடுங்கப் போனவரை அவள் ஜன்னலிலிருந்து தடுத்தாள். "இருக்கட்டும், காத்து தெரியட்டும்." செடிகள் அன்றைக்குப் பதினாலு அங்குலம் இருந்தன.

அப்புறம் தினமும் காலையில் ஏழு மணிக்கு, விசில்தான் இல்லை, அவளுடைய இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அவர் சுவரோரம் ஆஜராகிவிடுவார். அளந்து, ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொல்வார். "பதினாலு." மறுநாளும் பதினாலு. ஒரு மாதம் கழித்துப் பதினாலரை. முதலில் அவளே நடந்து வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பாள். "பாவம், உங்க பஸ்ஸைவிட லேட்டா வருது" என்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமினால் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

மூன்றாவது மாதத்தில் அவளால் ஜன்னல் வரைக்கும் வர முடியவில்லை. ஐந்தாவது மாதத்தில் உட்காரவும் முடியவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயர்கிற கட்டிலை வாடகைக்கு எடுத்தார்கள், ஆனால் உயர்த்தினால் முதுகு வலி தாங்கவில்லை என்று தாழ்த்தியே போடச் சொன்னாள். மகள் வேறு ஊரில் லேப் டெக்னீஷியன், சனி ஞாயிறு வந்துவிடுவாள். ஒரு சனிக்கிழமை அவள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கூடவே பெரிய பை ஒன்றையும் இறக்கினாள். பையில் இடுப்புக்கு மேல் உயரமான அரளி, நுனியெல்லாம் மொட்டு.

"அப்பா, நர்சரிக்கு நானே போனேன். வளர்ந்த செடியாவே குடுத்தாங்க. மண்ணுல நடக்கூட வேணாம், பையோட ஜன்னலுக்கு வெளியில ஒரு ஸ்டூல் மேல வெச்சா போதும். அம்மா பார்க்கட்டும்பா."

"யாரைக் கேட்டு வாங்கின?"

"யாரைக் கேக்கணும்? அம்மா ஆசைப்பட்டாங்க."

"அவளுக்கு என்ன இப்ப? வெட்சி வருது. கொஞ்சம் பொறுத்தா தானா வரும். எல்லாரும் சேர்ந்து எதுக்கு இப்படிப் பறக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தார். மகளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்து டீச்சரின் குரல் கேட்டது. "விடும்மா. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவ்வளவுதான், அரளி வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற குழாயடிக்குப் போயிற்று. சோப்புத் தண்ணீர் தெறித்தும் அது பாட்டுக்கு அங்கே வளர்ந்தது.

அதற்கப்புறம் டைம்கீப்பர் பொய் சொல்ல ஆரம்பித்தார். செடி பதினாறு அங்குலம் இருக்கும், "பதினெட்டு!" என்பார். பதினெட்டுக்கு வந்தபோது "இருபத்திரண்டு!" என்றார். சொல்வதும் யாரிடம்? கண்ணாலேயே அரை அங்குலம் வித்தியாசம் கண்டுபிடித்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்களையெல்லாம் தையல் பிரிக்க வைத்தவளிடம். அவள் "அப்படியா, பரவாயில்லையே" என்பாள்.

உள்ளே வந்து ஜன்னலோரம் நின்று வெளியே பார்ப்பார். நின்றால் ஆறு செடியின் தலையும் காற்றில் ஆடுவது நன்றாகத் தெரியும். "தெரியுதா டீச்சர்?" என்று கேட்பார்.

"தெரியுதுங்க."

"ஆடுதா?"

"ஆடுது, ஆடுது. நல்லா ஆடுது."

அவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோகும். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று யாருக்கோ மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்வார். ஒருநாள் அவளே கூப்பிட்டாள். குரல் ரொம்பவும் இறங்கியிருந்தது. "ஏங்க, சிவப்பா ஒண்ணு தெரியுது. பூத்திருக்கா என்ன?"

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆறு செடியையும் இலை இலையாக விலக்கிப் பார்த்தார். பூவாவது ஒன்றாவது, மொட்டுகூட இல்லை. பாவம், கண்ணுக்கு என்னவோ தோன்றியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்து, "ஆமா டீச்சர், ஒரு கொத்து பூத்திருக்கு. உன் கண்ணு கண்ணுதான்" என்றார். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் அந்தப் பூவைப் பற்றிக் கேட்டாள், அவரும் தினமும் சொன்னார்.

குழாயடியில் அரளி உண்மையாகவே பூத்திருந்தது. ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. ஒரு மத்தியானம் அவர் கை கழுவப் போனவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நின்றவர் சட்டென்று குனிந்து பையைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். வீட்டுக் கோடி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்னும் ஒரு திருப்பம் திரும்பினால் மேற்குச் சுவர். அங்கே வந்ததும் கால் வரவில்லை. இதைக் கொண்டுபோய் ஜன்னலில் வைத்தால் அவளுக்கு என்ன அர்த்தமாகும்? இனி வெட்சிக்குக் காத்திருக்க நேரமில்லை என்று நானே சொன்ன மாதிரி ஆகாதா? கண் கலங்கிவிட்டது மனுஷருக்கு. தூக்கின பையைத் தூக்கினபடியே திரும்பக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துவிட்டார்.

பத்தாவது மாதம், ஒரு விடியற்காலையில் டீச்சர் போய்விட்டாள். வெட்சி அன்றைக்கு இருபது அங்குலம். அன்றைக்கும் ஏழு மணிக்கு அவர் கை டேப்பைத் தேடியது.

எட்டு நாள் கழித்து, வாடகைக் கட்டிலை எடுத்துப்போக வண்டி வருகிறதென்று போன் வந்தது. பதினொரு மணிக்கு வருவார்கள். பத்தேமுக்காலுக்கே அவர் மேற்கு அறைக்குப் போனார். போர்வையெல்லாம் எடுத்தாகிவிட்டது, வெறும் மெத்தை மட்டும் இருந்தது. வழக்கம்போல ஜன்னலோரம் போய் நின்றார். வெளியே மகள் ஹோஸ் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். எட்டு நாள் தூங்காத உடம்பு, நிற்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். அப்படியே சரிந்து, டீச்சரின் தலை கிடந்த இடத்தில் தலையை வைத்துப் படுத்தார்.

"அப்பா, இந்தக் கோடி வெட்சி மொட்டு விட்டிருக்குப்பா!" என்று மகள் வெளியிலிருந்து கத்தினாள். "அங்கேருந்து தெரியுதா?"

அவர் திரும்பிப் பார்த்தார். வெட்சி இல்லை. ஒரு இலைகூட இல்லை. செடிகள் வெளியே பேஸ்மட்ட உயரத்தைத்தான் எட்டியிருந்தன, அதற்கும் மேலே ஜன்னலின் அடிக்கட்டை எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே லாரி ஷெட்டின் தகரம் இருந்தது, ஒரு மின்கம்பி இருந்தது, வெறும் வானம் இருந்தது. நடுவில் மூங்கில் குச்சியின் முனையில் பழைய சிவப்புத் துணிக் கீற்று மட்டும் காற்றில் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ஐயோ என்றிருந்தது அவருக்கு. நிமிஷம் நிமிஷமாக உலகத்தை அளந்தவர், அங்குலம் அங்குலமாகச் செடியை அளந்தவர், அவள் தலை கிடந்த இந்த இடத்தில் ஒரே ஒரு தடவை தலையை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லையே. ஐந்து மாதம். தினமும் தெரியுதா தெரியுதா என்று நச்சரித்திருக்கிறார். தினமும் அவள் இந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே தெரியுது என்றிருக்கிறாள். இந்தத் துணிக் கீற்றைப் பார்த்துச் சிவப்பாக ஒன்று என்று அவள் கொடுத்ததை இவர் பூ என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

"அப்பா, தெரியுதான்னு கேட்டேன்!"

"தெரியலை" என்றார். குரல் உடைந்து வந்தது. "ஒண்ணுமே தெரியலைம்மா. அவளுக்கும் ஒருநாள்கூடத் தெரிஞ்சதில்லை."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. மகள் ஜன்னல் கம்பியண்டை வந்து நின்றாள். "தெரியுதுன்னு அம்மா சொல்லுவாங்களேப்பா? என்கிட்டகூட சொன்னாங்களே?"

"சொன்னா. எனக்காகச் சொன்னா."

மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, படுத்தபடியே இருந்தார். பிறகு, "அந்தக் குழாயடி அரளியைக் கொண்டாம்மா. ஒரு ஸ்டூல் போட்டு ஜன்னலுக்கு நேரே வை. வண்டி வர்றதுக்குள்ள" என்றார்.

முப்பத்தொரு வருஷப் பழக்கம், கை தானாகத் திரும்பி மணி பார்த்தது. பத்து ஐம்பத்து நாலு. மகளின் காலடிச் சத்தம் வீட்டைச் சுற்றிப் போயிற்று. பை தரையில் உரசிக்கொண்டு வந்தது. ஸ்டூலின் கால் சருகில் அழுந்தியது. அப்புறம் ஜன்னல் நிறைய ரோஸ் நிறப் பூக்கள் வந்து நின்றன. தகரம் மறைந்துவிட்டது. காற்று அடித்தபோது ரெண்டு மூன்று பூக்கள் கம்பி வழியாக உள்ளே வந்து மெத்தையில் விழுந்தன.

"இப்ப தெரியுதாப்பா?" என்றாள் மகள், செடிக்குப் பின்னாலிருந்து.

"தெரியுதும்மா" என்றார்.

மணி பத்து ஐம்பத்தாறு. ரெண்டே ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.